பிரித்தானியாவில் கட்டிய வரி பிரித்தானியாவில் செல்லாது

என் மேசை இழுப்பறையில் 2003-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்கரையில் எழுதப்பட்ட ஓர் இன்வாய்ஸ் இருக்கிறது. பிரான்ஸில் கட்டப்பட்ட, 11 மீட்டர் நீளமுள்ள ஒரு பாய்மரப் படகின் விலை 75,000 பவுண்டு என்றும், அன்றைய 17.5 விழுக்காட்டு மதிப்புக்கூட்டு வரி 13,125 பவுண்டு என்றும் அதில் அச்சிடப்பட்டிருக்கிறது. அந்த 13,125 பவுண்டும் பிரித்தானிய அரசின் கருவூலத்துக்குத்தான் போயிற்று. படகு இப்போது கிரேக்கத்தின் மேற்குக் கரையில், அயோனியக் கடலில் இருக்கிறது. அதன் உரிமையாளன் நான். இந்தத் தாளையும், 2020 முடிவில் படகு கிரேக்கத்தில் நின்றதற்கான ஒரு சீட்டையும் காட்டினால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளிலும் சுங்க அதிகாரிகள் இந்தப் படகின் வரி தீர்ந்துவிட்டது என்று ஏற்றுக்கொள்வார்கள். ஏற்றுக்கொள்ளாத நாடு, அந்தப் பணத்தை வாங்கிய நாடுதான். நாளை நான் இந்தப் படகை சவுதாம்ப்டனுக்குக் கொண்டுபோனால், அதன் இன்றைய மதிப்பில் 20 விழுக்காட்டை இறக்குமதி வரியாக மறுபடி செலுத்த வேண்டும்.

இது தெரிந்தேதான் வாங்கினேன். எவரும் என்னை ஏமாற்றவில்லை, எந்த அலுவலகமும் தவறு செய்யவில்லை, ஒவ்வொரு விதிக்கும் ஒரு காரணம் சொல்ல முடிகிறது. அப்படியிருந்தும் இந்த முரண் மனத்தில் படியாமல் கிடந்தது. வெளிநாட்டில் படகு வாங்கினேன் என்று சொன்னால் நண்பர்கள் விலையைக் கேட்பார்கள், புயலைக் கேட்பார்கள், நீந்தத் தெரியுமா என்றுகூடக் கேட்பார்கள். வரியை எவரும் கேட்பதில்லை. ஆனால் வாங்கும் காலம் முழுவதும் என் தூக்கத்தைக் கெடுத்தது அலையோ காற்றோ அல்ல, அந்த வரிதான்.

அடிப்படை விதி எளிமையானது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு தனிமனிதர் இன்னொரு தனிமனிதருக்குப் பழைய படகை விற்கும்போது மதிப்புக்கூட்டு வரி கிடையாது. புதியதாக முதன்முதல் விற்கப்பட்டபோது எங்கோ ஒருமுறை அந்த வரி கட்டப்பட்டிருந்தால் போதும். அதன் பிறகு எத்தனை கை மாறினாலும் அந்தத் தகுதி படகோடு போகும். புதிய படகுக்குக் கணக்கு வேறு. 7.5 மீட்டருக்கு மேற்பட்ட படகு, பயன்பாட்டுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் விற்கப்பட்டாலோ, 100 மணி நேரத்துக்கு மேல் ஓடாதிருந்தாலோ, சட்டத்தின் கண்ணில் அது புதியது. அது போய்ச் சேரும் நாட்டில் வரி கட்ட வேண்டும். என்னைப் போல இருபது வயதான படகைத் தேடுபவனுக்கு அந்தக் கவலை இல்லை. அவன் தேடுவது, முதல் நாள் வரி கட்டப்பட்டது என்பதற்கு ஒரு சான்று. காரில் அந்தச் சான்றைத் தனியே தேட வேண்டியதில்லை, வரி தீராத காரை எந்த நாடும் லேசில் பதிவு செய்யாது. படகின் பதிவுக்கும் வரிக்கும் அப்படிப்பட்ட உறவு ஒன்றும் இல்லை. இதைப் புரிந்துகொள்ளவே எனக்குப் பல வாரங்கள் பிடித்தன.

கொடி வேறு, வரி வேறு

கிரேக்கத்தின் பிரேவெசா என்ற சிறு நகரத்துக்கு எதிரே, குறுகிய நீரிணைக்கு அப்பால் அக்தியோ இருக்கிறது. கிமு 31-இல் அந்தோனியும் கிளியோபாத்ராவும் கப்பற்படையோடு தோற்று ஓடிய இடம். இன்று அங்கே விமான நிலையமும், அதை ஒட்டி நூற்றுக்கணக்கான படகுகளைக் குளிர்காலத்தில் கரையேற்றி முட்டுக் கொடுத்து நிறுத்தும் யார்டுகளும் உள்ளன. வடக்கு ஐரோப்பாவின் ஓய்வூதியக்காரர்கள் பலரின் கோடைகாலம் அங்கே இரும்புக் கால்களின் மேல் நின்றுகொண்டிருக்கிறது. வரிசையாக நடந்து கொடிகளைப் பார்த்தால் ஐரோப்பாவின் சட்ட வரலாறே தெரியும். பிரித்தானியக் கொடி, ஜெர்மானியக் கொடி, நெதர்லாந்துக் கொடி. பால்டிக் கடலையே பார்த்திராத உரிமையாளரின் படகில் போலந்துக் கொடி. அமெரிக்காவில் கால் வைக்காத படகின் பின்புறத்தில் டெலவேர் என்ற எழுத்து. நெதர்லாந்தும் பெல்ஜியமும் ஒரு காலத்தில் வெளிநாட்டவருக்கு எளிதாகக் கொடுத்துவந்த ஆவணங்களை இறுக்கிக்கொண்ட பிறகு, பலர் போலந்தின் பக்கம் திரும்பினார்கள்.

கப்பலுக்கும் அது பறக்கவிடும் கொடியின் நாட்டுக்கும் உண்மையான பிணைப்பு ஒன்று இருக்க வேண்டும் என்று 1982-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கை தன் 91-ஆம் பிரிவில் சொல்கிறது. அந்தப் பிணைப்பு எது என்பதை அந்தந்த நாடே முடிவு செய்துகொள்ளலாம் என்பதால், ஒரு நாட்டுக்குக் குடியுரிமை வேண்டும், இன்னொரு நாட்டுக்கு வசிப்பிடம் போதும், மற்றொரு நாட்டுக்கு ஒரு விண்ணப்பமும் கட்டணமும் போதும். எனக்கு இதில் குழப்பம் இருக்கவில்லை. பிரித்தானியாவில் வசிக்கிறேன், படகு 24 மீட்டருக்குக் குறைந்தது, ஆகவே அந்நாட்டுக் கப்பல் பதிவேட்டின் மூன்றாம் பகுதி எனக்குப் பொருந்தும். விண்ணப்பம் இணையத்தில், கட்டணம் மிகக் குறைவு, சான்றிதழ் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். படகு கை மாறிய கணத்தில் பழைய உரிமையாளரின் பதிவு செத்துவிடும் என்பதால் புதிய சான்றிதழ் வரும்வரை படகுக்கு நாடு இல்லை. அது கரையில் முட்டின் மேல் நின்றதால் அதனால் தொல்லையும் இல்லை.

ஆனால் இந்த மூன்றாம் பகுதிப் பதிவு, படகு யாருடையது என்பதற்குச் சான்று ஆகாது. உரிமையை நிறுவ வேண்டுமானால் அதே பதிவேட்டின் முதல் பகுதிக்குப் போக வேண்டும். அங்கே ஒரு கப்பல் பழைய வழக்கப்படி 64 பங்குகளாகப் பிரிக்கப்படும், அடைமானங்கள் பதியப்படும், கப்பலை முறையாக அளந்து தரவும் வேண்டும். சிறு படகு வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் போவதில்லை. ஆகவே வாங்குபவனுக்கு எஞ்சுவது காகிதச் சங்கிலி ஒன்றுதான். ஊரில் காணி வாங்கும்போது தாய் உறுதியிலிருந்து இன்றுவரைக்கும் ஒவ்வொரு உறுதியையும் கோத்துப் பார்ப்பது போல, முதல் இன்வாய்ஸிலிருந்து ஒவ்வொரு விற்பனைப் பத்திரத்தையும் கோத்துப் பார்க்க வேண்டும். படகின் பின்புறத்தில் பொறித்திருக்கும் 14 எழுத்தெண் கொண்ட அடையாளக் குறியீடு அவை எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். என் படகின் குறியீடு பிரான்ஸைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளோடு தொடங்குகிறது. படகு வேறு, கடன் வேறு என்றும் நினைக்க முடியாது. கொடுக்காத ஊழியர் சம்பளம், மீட்புக் கூலி போன்ற சில கடன்கள் விற்றவரை விட்டுவிட்டுப் படகைப் பின்தொடரும். யார்டுக்கு எந்தப் பாக்கியும் இல்லை என்று ஒரு கடிதம் வாங்கினேன்.

வல்வெட்டித்துறையில் இருக்கும் பெரிய மாமா தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, வாங்கினாப் பிறகு பேரை மாத்துவியோ?" அந்த ஊரில் இது வெறும் கேள்வியல்ல. அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன் என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகளே அதை 1938-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வேற்று நாட்டில் படகு வாங்குபவன் முதலில் செய்வது பெயர் மாற்றுவது என்று மாமா முடிவு செய்திருக்கக்கூடும். நான் மாற்றவில்லை. பெயர் மாற்றினால் காற்றுக் கோபிக்கும் என்ற நம்பிக்கையால் அல்ல. 2003 முதலான அத்தனை காகிதத்திலும் இருக்கும் பெயரை மாற்றி, ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு கூடுதல் விளக்கம் சொல்லும் வேலை எனக்கு வேண்டாம் என்பதால்.

அந்த ஓர் இரவு

விற்றவர் எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆங்கிலேயர். முதல் உரிமையாளரிடமிருந்து படகை இங்கிலாந்தில் வாங்கியவர். பாய்மரத்தைக் கழற்றிப் படுக்கவைத்து, செயின் நதியில் ஏறி, பாரிஸ் வழியாக, கால்வாய்களில் புகுந்து, ரோன் நதியில் இறங்கி மத்தியதரைக் கடலுக்கு வந்தவர். அவர் வந்த காலத்தில் அது ஒரே வரி வட்டாரத்துக்குள் நடந்த பயணம். எந்தச் சுங்கச் சாவடியிலும் நிற்கவில்லை, எந்தத் தாளிலும் முத்திரை விழவில்லை. படகு இங்கிலாந்தை விட்டுப் போனது என்பதற்கு அவர் நினைவைத் தவிர ஆதாரம் தேவைப்படாத காலம் அது.

2020 டிசம்பர் 31, பிரசெல்ஸ் நேரப்படி நள்ளிரவு, இலண்டனில் இரவு 11 மணி. பிரித்தானியா ஒன்றியத்தின் வரி வட்டாரத்தை விட்டு வெளியேறிய கணம். அந்தக் கணம்வரை வரி தீர்ந்த ஒவ்வொரு படகுக்கும் இரண்டு பக்கத்திலும் ஒரே தகுதி இருந்தது. அந்தக் கணத்துக்குப் பிறகு, அந்த இரவு படகு எந்தக் கரையில் இருந்ததோ அந்தக் கரையின் தகுதி மட்டுமே அதற்கு எஞ்சியது. இங்கிலாந்தில் கட்டி வைத்திருந்த படகு ஒன்றியத்தின் தகுதியை இழந்தது. கிரேக்கத்தில் முட்டின் மேல் நின்ற படகு ஒன்றியத்தின் தகுதியைத் தக்கவைத்து, பிரித்தானியத் தகுதியை இழந்தது. உரிமையாளர் எந்த நாட்டவர், கொடி எது, வரி எந்த நாட்டில் கட்டப்பட்டது என்பவை ஒரு பொருட்டே அல்ல. வட அயர்லாந்தின் துறைகளில் அன்றிரவு கட்டிக் கிடந்த படகுகளுக்கு மட்டும், அந்த நிலத்துக்கென எழுதிய தனி ஒப்பந்தத்தின் பயனாக, இரண்டு தகுதியும் கிடைத்தன. அதை முன்னறிந்து படகை பெல்ஃபாஸ்ட் பக்கம் ஓட்டிப்போனவர்களை நான் பொறாமையோடு மதிக்கிறேன்.

ஐரோப்பா இப்படி ஓர் இரவைக் குறித்துக் கேள்வி கேட்பது முதல்முறை அல்ல. 1993 ஜனவரி 1-இல் ஒற்றைச் சந்தை பிறந்தபோது, பழைய படகுகளின் வரிச் சான்றைக் கிண்டுவது வீண் வேலை என்று உணர்ந்து, 1985 ஜனவரி 1-க்கு முன் பயன்பாட்டுக்கு வந்து, 1992 டிசம்பர் 31-ஆம் நாள் இரவு ஒன்றிய நீரில் இருந்த படகுகள் வரி கட்டியவையாகவே கருதப்படும் என்று விதி செய்தார்கள். இன்றும் பழைய மரப் படகு வாங்குபவர்கள் அந்த இரவுக்கான துறைமுகச் சீட்டைத் தேடி அலைகிறார்கள். ஆக, ஐரோப்பாவில் ஒரு படகுக்குப் பிறந்த நாளைவிட முக்கியமான நாள்கள் உண்டு.

விற்றவர் 2020 கோடையில் படகை இங்கிலாந்துக்குத் திரும்பக் கொண்டுபோகத் திட்டமிட்டிருந்தாராம். மூட்டு வலி, பேரப்பிள்ளைகள், போதும் என்ற எண்ணம். கொரோனா அதைத் தடுத்தது. அவரால் கிரேக்கத்துக்கு வரவே முடியவில்லை, படகு அந்த ஆண்டு முழுவதும் யார்டில் உறைபோட்டபடி நின்றது. அந்த நோய்த்தொற்று மட்டும் இல்லாவிட்டால், படகு அந்த டிசம்பரில் இங்கிலாந்தின் ஏதோ ஒரு கழிமுகத்தில் கிடந்திருக்கும். இன்று அது வேறொரு பொருள், வேறொரு விலை, வேறொரு சட்டத்துக்கு உட்பட்டது. அதற்கு ஆதாரமாக அவரிடம் இருந்தது, 2020 குளிர்காலத்துக்கு யார்டு கொடுத்த வாடகைச் சீட்டு. தரகர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது இந்தப் படகின் எஞ்சினைவிட விலையுள்ளது" என்றார். எஞ்சினின் நிலைமையை அறிந்த பிறகு அது அப்படியொன்றும் பெரிய புகழ்ச்சியாக எனக்குப் படவில்லை; ஆனாலும் அவர் சொன்னது சரி.

கையொப்பம் போடுமுன்

படகு ஆய்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விலை பேசினோம், பத்தில் ஒரு பங்கு முன்பணம் தரகரின் பொறுப்புக் கணக்கில் போட்டேன், நான் அமர்த்திய சர்வேயர் கண்ணாடியிழை உடலைச் சிறு சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டு, ஈரமானியை வைத்துப் பார்த்து, பக்கம் பக்கமாக அறிக்கை எழுதினார். அதில் சொன்ன குறைகளைக் காட்டி விலையைக் கொஞ்சம் இறக்கினேன். இவை எந்த நாட்டிலும் நடப்பவை.

நாங்கள் மூவரும் பிரேவெசாவின் கரையோரச் சாலையில் ஒரு காபிக் கடையில் காகிதங்களைப் பரப்பி உட்கார்ந்த மாலையில்தான் விஷயம் முழுமையாகத் துலங்கியது. தரகர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். "இன்று இங்கே நீங்கள் கையொப்பம் போட்டால் படகு ஐரோப்பாவில் என்றைக்கும் இருக்கலாம். எப்போதாவது இங்கிலாந்துக்குக் கொண்டுபோனால் 20 விழுக்காடு" என்று இடப்பக்கம் எழுதினார். பிறகு வலப்பக்கத்துக்குப் போனார். விற்பவர், தாமே இங்கிலாந்திலிருந்து வெளியே கொண்டுவந்த படகை, தாமே திரும்பக் கொண்டுபோனால், திரும்பி வரும் பொருளுக்கான சலுகை அவருக்கு உண்டு, ஆகவே வரி இல்லை. அங்கே இறங்கிய பிறகு எனக்கு விற்றால், தனியாள் தனியாளுக்கு விற்ற பழைய படகு, எனக்கும் வரி இல்லை. ஆனால் அந்தப் படகோடு நான் மறுபடி கிரேக்கத்துக்கு வந்தால், அது ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த பொருள். தற்காலிக அனுமதியில் 18 மாதம் இருக்கலாம். அதற்குள் வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் முழு மதிப்பில் 24 விழுக்காட்டுக் கிரேக்க வரி. கிரேக்கத்தின் கோர்ஃபுத் தீவிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் அல்பேனியா இருக்கிறது. கிழக்குத் தீவுகளிலிருந்து துருக்கி இன்னும் பக்கம். பலர் அப்படி ஒரு நடை போய் வந்து கணக்கைப் புதிதாகத் தொடங்குகிறார்கள். சட்டம் அதற்கு இடம் தருகிறது.

ஒரே படகு, அதே இரண்டு பேர், அதே விலை. விற்பவர் படகை ஓட்டிக்கொண்டுபோய் அங்கே கொடுப்பதா, இங்கே கொடுப்பதா என்பதொன்றே வேறுபாடு. நான் அந்த ஆங்கிலேயரின் முகத்தைப் பார்த்தேன். பிஸ்கே விரிகுடாவைக் கடந்து ஒருமுறை வீட்டுக்கு ஓட்டிப் போக மனமிருக்கிறதா என்று கேட்டேன். அவர் தன் முழங்காலைத் தட்டிக்காட்டிச் சிரித்தார். "பத்து வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால்" என்றார்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான், இதுவரை எனக்குப் புரியாதிருந்த நெருடல் எங்கே இருக்கிறது என்று பிடிபட்டது. வரி கட்டிய சான்று படகோடு போகிறது. வரி விலக்கும் சலுகை ஆளோடு போகிறது. ஐரோப்பா சான்றைப் பார்க்கிறது, அதனால் படகை ஏற்கிறது. பிரித்தானியா ஆளைப் பார்க்கிறது, அதனால் என்னை மறுக்கிறது. ஒருவர் தன் பொருளை வெளியே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும்போது அவரிடம் இரண்டாம் முறை வரி கேட்கக் கூடாது என்பதுதான் அந்தச் சலுகையின் நோக்கம். அதைக் குறை சொல்ல மாட்டேன். எல்லைக்கு வெளியே எத்தனை கை மாறினாலும் சலுகை பொருளோடு தொடரும் என்று விட்டால், எந்த வெளிநாட்டுப் படகும் ஒரு பழைய ஆங்கில இன்வாய்ஸைத் தேடிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிடும் என்று சுங்கத்தில் இருப்பவர்கள் அஞ்சுவதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இங்கிலாந்தின் லிமிங்டன் துறையில் இதே இருவர் இதே படகை விற்று வாங்கியிருந்தால் ஒரு பென்னிகூட வரி இல்லை. அப்படியானால் என்னிடம் கேட்கப்படும் வரி நுகர்வுக்கானது அல்ல. ஒரு முதியவரின் முழங்காலுக்கானது. இதை எந்த நிதியமைச்சும் நினைத்துச் சட்டம் செய்திருக்காது. ஆனாலும் விளைவு அதுதான்.

இடப்பக்கத்தைத் தேர்ந்தேன். எனக்கு வேண்டியது அயோனியக் கடல், லெஃப்காடா, இத்தாக்கா தீவுகளும் அவற்றிடையே நண்பகலுக்குப் பிறகு எழும் வடமேற்குக் காற்றும். இங்கிலீஷ் கால்வாயின் சாம்பல் நிறத்துக்காக நான் கடலுக்கு வரவில்லை. தீர்மானம் எடுக்க எனக்குக் கணக்குத் தேவைப்படவில்லை. நெருடல் மட்டும் தீரவில்லை.

படகுக்கு இருக்கும் உரிமை

பழைய வரி தீர்ந்ததால் எல்லாம் தீர்ந்தது என்று ஆகாது. மத்தியதரைக் கடலோர அரசுகள் ஒவ்வொன்றும் படகைப் பிடிக்க வேறு வேறு கொக்கிகளை வைத்திருக்கின்றன. ஸ்பெயின் ஆளைப் பிடிக்கிறது: அங்கே வசிப்பவர் 8 மீட்டருக்கு மேற்பட்ட உல்லாசப் படகை வைத்திருந்தால், கொடி எதுவாயினும் 12 விழுக்காட்டுப் பதிவு வரி. ஆண்டில் பாதிக்கு மேல் படகிலேயே அங்கே வாழ்ந்தால் அவரும் வசிப்பவராகிவிடுவார். ஓய்வு பெற்றவர்கள் பலர் இதைத் தாமதமாகத் தெரிந்துகொள்கிறார்கள். இத்தாலி ஒருமுறை துறையில் நிற்பதையே பிடித்துப் பார்த்தது. 2011 இறுதியில், கடன் நெருக்கடியில், மரியோ மோன்டியின் அரசு 10 மீட்டருக்கு மேற்பட்ட படகுகளுக்குத் தனி வரி விதித்தது. படகுகளுக்கு வேரில்லை என்பதை ரோம் அப்போது கற்றது; அவை கோர்சிகாவுக்கும் ஸ்லொவேனியாவுக்கும் குரோஷியாவுக்கும் போயின, இத்தாலியத் துறைகள் காலியாயின. வரியைப் பலமுறை தளர்த்தி, 2016-இல் ஒரேயடியாக நீக்கினார்கள். மால்டாவும் சைப்ரசும் கிரேக்கமும் எதிர்த்திசையில் போய், பெரிய படகுகளுக்குக் குத்தகைமுறையிலும் வேறு வழியிலும் வரியைக் குறைத்துக் கொடுத்ததற்காக 2018 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையத்தின் நடவடிக்கைக் கடிதத்தைப் பெற்றன. அது கோடீசுவரர்களின் கதை. 11 மீட்டர் படகுக்காரனுக்கு அதில் இடமில்லை.

கிரேக்கத்தின் கொக்கி சிறியது, நேர்மையானது. 7 மீட்டருக்கு மேற்பட்ட எந்தக் கொடியின் படகும் கிரேக்க நீரில் இருக்கும் மாதங்களுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற விதி 2019 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அப்போது 10 முதல் 12 மீட்டர் வரையிலான படகுக்கு மாதம் 33 யூரோ. 12 மீட்டரைத் தாண்டினால் ஒவ்வொரு மீட்டருக்கும் மாதம் 8 யூரோ என்று கணக்கு மாறியது. 11.9 மீட்டரில் படகைக் கட்டும் நிறுவனங்கள் ஏன் அவ்வளவு இருக்கின்றன என்று யோசிப்பவர்களுக்கு இப்படிப்பட்ட வரம்புகளும் ஒரு பதில். இணையத்தில் கட்டி, சீட்டை அச்சிட்டு வைத்துக்கொண்டால் போதும்.

எனக்கு மட்டும் வரம்பு வேறு. பிரித்தானியக் கடவுச்சீட்டோடு ஷெங்கன் வட்டாரத்தில், எந்த 180 நாளை எடுத்துப் பார்த்தாலும் 90 நாளுக்கு மேல் நான் இருக்கக் கூடாது. படகு இருக்கலாம், அது ஒன்றியத்தின் சரக்கு, அதற்கு நாள் கணக்கு இல்லை. நான் ஜூலையில் வெளியேறும்போது அது தன் நங்கூரத்தில் அமைதியாக நிற்கும், அதைப் பற்றி எந்த எல்லைக் காவலரும் கவலைப்பட மாட்டார். தம் பிறப்பிடத்திலிருந்து வெளியேறி, இன்னொரு நாட்டின் வதிவிட அட்டைக்காகக் கைரேகை கொடுத்து, வரிசையில் நின்று பழகிய எங்கள் தலைமுறைக்கு, தன் பெயரில் இருக்கும் ஒரு பொருளுக்குத் தன்னைவிடக் கூடுதலான தங்கும் உரிமை இருப்பது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. என் மனைவி இதைக் கேட்டு, "அப்ப நீங்கள் படகின்ர பேரில பதிஞ்சிருக்கலாம்" என்றாள்.

போன கோடையில் வாத்தி என்ற இத்தாக்காத் துறையில் துறைமுகக் காவலர் ஒருவர் காகிதங்களைக் கேட்டார். 2003 இன்வாய்ஸின் சான்றளித்த நகல், 2020 யார்டுச் சீட்டு, விற்பனைப் பத்திரங்கள், பதிவுச் சான்றிதழ் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி ஒரு கோப்பில் வைத்திருந்தேன். அவர் காப்பீட்டுச் சான்றையும் மாதக் கட்டணச் சீட்டையும் மட்டும் எடுத்துப் பார்த்து, படகின் நீளத்தைக் கண்ணால் ஒருமுறை அளந்துவிட்டு, கோப்பைத் திருப்பித் தந்தார். இன்வாய்ஸ் இருக்கும் பக்கத்தை அவர் திறக்கவே இல்லை. நல்லதுதான். அந்தப் பக்கம் அவருக்காக வைத்திருப்பது அல்ல. நான் விற்கும் நாளில் என் எதிரே உட்காரப்போகிறவருக்காக. அவர் ஆதென்ஸில் வசிப்பவரானால், கேட்கும் விலையைக் கொடுப்பார். இங்கிலாந்துக்குக் கொண்டுபோக நினைப்பவரானால், ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குவார். அப்போது அவரிடம் நான் இன்வாய்ஸைக் காட்டி வாதாடப் போவதில்லை. ஆதென்ஸ்காரருக்கே விற்றுவிடுவேன்.